பெரட்டுக் களத்தில் ஒரு போட்டி

எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்று ஓய்ந்ததற்கு அடுத்த வருஷம், புரட்டாசி மாதம். வரிசைகள் மறைந்திருந்தன, விலைகள் மட்டும் ஏறிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. மடுல்சீமைக்கும் மேலே, பஸ் போகாத ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் பதுளையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள்தான். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். ஆனால் சின்ன வயதிலேயே டவுனுக்கு வந்துவிட்டதால், தோட்டம் என்பது எனக்கு லீவுக்குப் போகிற இடமாக ஆகிவிட்டது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். என் வீட்டுக்காரரைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார்.

அந்த வருஷம் எங்கள் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து கொஞ்சம் நிதி வந்தது. அதுவரைக்கும் நாங்கள் உலர் உணவுப் பொதிதான் கொடுத்துக்கொண்டிருந்தோம். அரிசி, பருப்பு, சீனி, டின் மீன். பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்க வேண்டிய தாயிடம் டின் மீனைக் கொடுத்தால் அவள் என்ன செய்வாள்? கடையில் கொண்டுபோய்ப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு மருந்து வாங்குவாள். அதை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம். அதனால் இந்த முறை பொருள் வேண்டாம், மாதாமாதம் பணமாகவே கொடுப்போம், இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று எந்தக் கட்டுப்பாடும் போட வேண்டாம் என்று முடிவானது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் இழுபறி வந்தது. இருக்கிற பணம் எல்லாருக்கும் போதாது. ஒவ்வொரு இடத்திலும் ஆகக் கஷ்டப்பட்ட சில குடும்பங்களுக்குத்தான் வரும். முன்பு வேறொரு தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் ஒருவரிடம் பெயர்களைக் கேட்டு வாங்கினோம். பார்த்தால் அவருடைய மைத்துனர், மைத்துனருடைய மைத்துனர் என்று போய்க்கொண்டே இருந்தது. அதனால் இந்த முறை எல்லாமே வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று நான்தான் அடித்துப் பேசினேன். மக்களைக் கூட்டி, எல்லாரும் பார்க்க, எல்லாரும் கேட்க, யார் கஷ்டப்பட்டவர் என்று அவர்களே சொல்லட்டும். எங்கள் பணிப்பாளருக்கும் அது சரியாகப் பட்டது. அவரை நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம். கூட்டத்தில் ஊர் ஒத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு மட்டும்தான் பணம், ஊர் ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று விதி எழுதினோம்.

மடுல்சீமைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று ரெண்டு பிரிவு. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில். முதல் நாளே போய் வீடுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை வேனில் கிளம்பினேன். வேன் ஓட்டியவர் பதுளை டவுன் நாநா ஒருவர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நாநா என்றுதான் கூப்பிடுவோம். மடுல்சீமை வரைக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர், அதற்கு மேல் ரோடு என்று ஒன்று இல்லாததைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டு ஓத ஆரம்பித்துவிட்டார்.

அங்கே எனக்குத் தங்க இடம் கொடுத்தவர் பிள்ளைக் காம்பரா ஆயா. தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகிற நேரத்தில் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்துக்குத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்று பேர். ஆயா நல்ல கட்டையான உருவம், எட்டூருக்குக் கேட்கிற குரல். தோட்டத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். அவர்தான் என்னை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனார்.

லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு அக்கா இருந்தார். ஐம்பது வயதுகூட இருக்காது. புருஷன் தவறி ரொம்ப காலம் ஆகிறது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவிக்கூடு கலைந்திருக்கிறது. எல்லாரும் ஓடியதில் இவர் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து கால் முறிந்துவிட்டது. எலும்பு சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. சமதரையில் நடக்கலாம், மலை ஏற முடியாது. மலை ஏறாதவருக்குத் தோட்டத்தில் என்ன வேலை? ஒரே மகள் பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். தங்குகிற இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சத்தை அம்மாவுக்கு அனுப்புகிறாள். மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வீடு துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. சுத்தமும்தான், வெறுமையும்தான். எங்களை உட்கார வைத்துவிட்டுப் பிளேன்டீ ஊற்றினார். தோட்டத்தில் சீனியைத் தேநீரில் போட மாட்டார்கள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நக்கிக்கொண்டே குடிப்பார்கள். எனக்கும் ஆயாவுக்கும் கையில் சீனி வைத்தார். தனக்கும் எடுத்தது போல டப்பாவுக்குள் கையை விட்டு, மூடிய கையோடு எடுத்து, அதை மூடியே வைத்துக்கொண்டு தேநீரைக் குடித்தார். அந்தக் கையில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. என் கையிலிருந்த சீனியை என்னால் நக்க முடியவில்லை.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே தலையை ஆட்டினார்.

"எனக்கு ஒரு குறையும் இல்லங்க மிஸ். மக அனுப்புது. இல்லாதவங்களாப் பார்த்துக் குடுங்க."

"மகளுக்கு இடம் அமைஞ்சிருக்கு மிஸ்," என்று ஆயா நடுவில் புகுந்தார். "கீழ் டிவிசன் பையன். கொழும்புல வேலை. தையில பரிசம் போடுறாங்க."

அதைக் கேட்டதும் அந்த அக்காவின் முகம் விரிந்தது. நான் அங்கே இருந்த நேரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். பையன் நல்ல பையன், அவனுடைய அம்மாவும் நல்ல மாதிரி, நம்மளை மதிச்சுக் கேட்டு வந்தாங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வெளியே வந்ததும் ஆயாவிடம் சொன்னேன், நாளைக்கு முதல் பெயர் இவர்தான், இவருக்காகத்தான் இந்தத் திட்டமே என்று. ஆயா நடையை நிறுத்திவிட்டார்.

"நாளைக்குக் கீழ் டிவிசன் ஆளுங்களும் வருவாங்களா மிஸ்?"

"வருவாங்க. ரெண்டுக்கும் ஒரே கூட்டம்தானே."

"மைக் வச்சுத்தான் கேக்கணுமா? ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டுக் கேட்டா ஆகாதா?"

அப்படிக் கேட்டால் மிஸ் ரகசியமாக ஆள் சேர்த்தாள் என்று பேச்சு வரும், எல்லாம் வெட்டவெளியில் நடந்தால்தான் யாரும் வாய் திறக்க முடியாது என்று நான் ஒரு சின்ன விரிவுரையே நடத்தினேன். "அதுஞ் சரிதான்," என்றார் ஆயா. அதற்குப் பிறகு வீடு போய்ச் சேரும்வரைக்கும் அவர் பேசவில்லை. ஆயா பேசாமல் நடந்தால் அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காலெல்லாம் வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு நான் தேர்ந்தெடுத்த இடம் பெரட்டுக் களம். வேலை நாளில் விடிந்ததும் தொழிலாளர்கள் எல்லாரும் வந்து நிற்பது அங்கேதான். பேர் கூப்பிட்டு, இன்ன ஆள் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். விசாலமான இடம், எல்லாருக்கும் பழக்கமான இடம். கோயிலிலிருந்து மைக் செட்டும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ரெண்டு டிவிசன் சனமும் வந்து நிறைந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தரையில் இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல் வைத்தேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அட்டை. ஒரு கல் ஓரளவு வசதியானவர்களுக்கு, மற்றக் கல் ஆகக் கஷ்டப்பட்டவர்களுக்கு. நான் மைக்கில் பேர் வாசிப்பேன், எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைப்பது என்று ஊர் சொல்ல வேண்டும். முதலில் கடை வைத்திருக்கிறவர், இந்தத் தோட்டத்துத் தலைவர், மகன் கட்டாரில் இருக்கிற ஒருவர் என்று வாசித்தேன். அந்த அட்டைகள் எல்லாம் தடையில்லாமல் வசதிக் கல்லுக்குப் போயின. சிரிப்பும் கேலியுமாகக் கூட்டம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு கடைசிக் காம்பரா அக்காவின் பேரை வாசித்தேன். மைக்கில் என் குரல் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அந்த அக்கா ஓரத்தில் ஒரு திட்டில் உட்கார்ந்திருந்தார். தலை மடியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்திருந்தது. நான் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, இவங்களை எங்க வைக்கலாம், எல்லாருக்கும் தெரியும்தானே என்று கேட்டேன்.

ஆயா எழுந்தார்.

"அது எப்படிங்க மிஸ்? அவளுக்கு என்ன குறை? சம்பாதிக்கிற புள்ள இருக்கு. அவளை விட நான்தான் கஷ்டப்பட்டவ. என் பேரை அங்க வைங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் என் தட்டில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கோழிக்கறி அள்ளிப் போட்டவர் இவர். நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு பெண் எழுந்து, தன் வீட்டுக் கூரை ஒழுகுவது யார் கண்ணுக்கும் தெரியவில்லையா என்று கேட்டார். கட்டார் மகனின் அம்மா எழுந்து, மகன் பேருக்குத்தான் வெளிநாட்டில் இருக்கிறான், ஒரு சதம் வருவதில்லை என்றார். போன மாதம்தான் அந்தப் பணத்தில் புதுக் கூரை போட்டிருந்தார்கள். தலைவரின் மனைவிகூட எழுந்து, "தலைவர் வீடுன்னு பேருதான் மிஸ், உள்ள வந்து பாருங்க தெரியும்," என்றார். தலைவர் தன் மனைவியை வாய் பிளந்து பார்த்தார்.

அதற்கப்புறம் கூட்டம் என் கையில் இல்லை. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசினார்கள். வசதிக் கல்லிலிருந்து தங்கள் அட்டையைத் தாங்களே தூக்கிக்கொண்டு போய்க் கஷ்டக் கல்லில் வைத்தார்கள். கீழ் டிவிசனிலிருந்து வந்த ஒரு அம்மா, காதில் தோடு, கழுத்தில் சங்கிலி, நல்ல வெளுத்த சேலை, அவர்தான் எனக்கு ஆக எரிச்சலைக் கிளப்பியவர். "எங்க வீட்ல சட்டி கழுவவே வேலையில்லங்க, சமைச்சாத்தானே கழுவுறதுக்கு," என்று கையை நீட்டி நீட்டிப் பேசினார். அவருடைய அட்டையும் போய் விழுந்தது. கடைசியில் வசதிக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைகூட இல்லை.

இந்தக் களேபரத்துக்குள் ஆயா என் கையிலிருந்த அக்காவின் அட்டையை வாங்கி, ரெண்டு கல்லுக்கும் நடுவில் வைத்துவிட்டார். அக்கா மெதுவாக எழுந்து, "எனக்கு வேணாம் மிஸ், மக பார்த்துக்கும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குனிந்திருந்த தலை இப்போது நிமிர்ந்திருந்தது. அதையும் நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை.

விதிப்படி இந்தக் கூட்டம் தோல்வி. தோல்வியானால் இந்தத் தோட்டத்துக்கே பணம் இல்லை, அந்த அக்காவுக்கும் இல்லை. மைக்கை எடுத்து, இப்படி எல்லாருமே ஏழை என்றால் உண்மையிலேயே இல்லாதவர் வாயில் நாம்தான் மண்ணைப் போடுகிறோம் என்று சொன்னேன். பெண்கள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சண்டைக்கு வந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இப்படின்னு தெரிஞ்சிருந்தா நானும் ஒரு அட்டை எழுதிப் போட்டிருப்பேனே மிஸ்," என்றார் வேன் நாநா. அவரை முறைத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவுக்குள் போய் என் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன்.

ஆயா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கோவமா மிஸ்?"

"உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

அவர் கோபப்படவில்லை. பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் எப்படியோ உட்கார்ந்துகொண்டு, குரலை இறக்கிப் பேசினார். அந்தக் குரலுக்கு இறங்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கீழ் டிவிசன்ல இருந்து தோடு போட்டுக்கிட்டு ஒரு அம்மா வந்திருந்துச்சே, அது யாருன்னு தெரியுமா? மாப்பிள்ளையோட அம்மா. நீங்க இவ பேரை மைக்ல கூப்பிட்டு, ஆகக் கஷ்டப்பட்டவன்னு கல்லுக்குப் பக்கத்துல வச்சீங்கன்னா, தையில இவ எந்த மூஞ்சியோட அவங்க முன்னால தட்டை ஏந்திக்கிட்டு நிப்பா? பெரட்டுல ஒரு பேரு கூப்பிட்டா அது சாகுற வரைக்கும் ஒட்டிக்கும் மிஸ். உங்க அம்மாவைக் கேட்டுப் பாருங்க."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா நீங்க நேரா அவகிட்டயே போய்க் கேட்டிருப்பீங்க. உங்க மனசுல உள்ளது எல்லாம் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கே. நான் எந்திரிச்சா மத்தவங்களும் எந்திரிப்பாங்கன்னு தெரியும். அவளுக்குத்தான் குடுக்கணும் மிஸ். எங்களுக்கு ஒண்ணும் வேணாம். ஆனா எங்க எல்லார் முன்னாலயும் வச்சுக் குடுக்காதீங்க."

நான் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டேன். ஆயா போன கொஞ்ச நேரத்தில், குடையை வைத்துவிட்டுப் போனேனா என்று கேட்டுக்கொண்டு கூரை ஒழுகுகிற வீட்டுப் பெண் வந்தார். குடை அவர் கையில்தான் இருந்தது. இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, கடைசிக் காம்பரா அக்காவுக்குக் குடுங்க மிஸ், நான் சொன்னதாக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு கட்டார் மகனின் அம்மா. பிறகு தலைவரின் மனைவி, கையில் ரொட்டியும் கட்டசம்பலும் சுற்றிய பொட்டலத்தோடு. ஒருவர் வந்து போவது மற்றவருக்குத் தெரியாது. எல்லாரும் சொன்னது ஒன்றுதான். நான் மைக்கில் பேசிய பேச்சு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. அழுகை வந்துவிட்டது. தலைவரின் மனைவி நான் பசியில் அழுகிறேன் என்று நினைத்து, பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டு ரொட்டியை வாயிலேயே வைத்துவிட்டார்.

மழை இறங்குவதற்கு முன்னால் கிளம்பினோம். கீழ் டிவிசன் திருப்பத்தில் தோடு போட்ட அம்மா ரோட்டு ஓரத்தில் நின்று கையைக் காட்டினார். எனக்குத் திக்கென்றது. ஆயா சொன்னபடி கூட்டத்தில் நடந்தது எல்லாமே இவரிடமிருந்து மறைப்பதற்காகத்தான். இவர் இப்போது வந்து ஏதாவது துருவிக் கேட்டால் என் மூஞ்சி என்னைக் காட்டிக் கொடுத்துவிடுமே என்று பயந்தேன். வேனை நிறுத்தியதும் ஜன்னல் பக்கம் நெருங்கி வந்தார்.

"மிஸ், ஒரு சின்ன விசயம். கடைசிக் காம்பராவில கால் சரியில்லாத ஒரு அம்மா இருக்காங்க. அவங்களுக்கு இந்தப் பணம் கிடைக்கிற மாதிரிப் பண்ணுங்க."

நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "அவங்க உங்களுக்கு யாருங்க?" என்று கேட்டேன்.

"சம்பந்தியாகப் போறாங்க. என் மகனுக்குப் பொண்ணு எடுக்கிறேன். பொண்ணோட அம்மா சாப்பிட்டாங்களா இல்லையான்னு தெரியாமலா எடுப்பேன்? அங்க போனா எனக்குக் கையில சீனி வச்சுட்டு, அவங்க வெறுங்கையை மூடிக்கிட்டு டீ குடிக்கிறாங்க. நான் பார்க்கலன்னு நெனைச்சுக்கிட்டு. நானே குடுத்தா வாங்க மாட்டாங்க. வாங்கினாலும் அப்புறம் என் மூஞ்சியை நேராப் பார்த்துப் பேச மாட்டாங்க. அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப கூட்டத்துல நீங்களும் ஏன் அப்படிப் பேசினீங்க?"

அவர் லேசாகச் சிரித்தார். "மத்தவங்க எல்லாம் யாருக்காகக் கத்துறாங்கன்னு எனக்குத் தெரியாதா? நான் மட்டும் சும்மா உக்காந்திருந்தா, எனக்கு விசயம் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருமே. அதான் நானும் சட்டி கழுவல, பானை கழுவலன்னு நாலு வார்த்தை விட்டேன். பொய்தான். சாமி கோவிச்சுக்காது."

பதுளை வரும்வரைக்கும் நாநா பாட்டே போடவில்லை. பசறையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோது, "நம்ம சனம் மிஸ்," என்றார். என்னவோ அவருக்கும் சொந்தம் மாதிரி.

மறுநாள் சேரிடம் போய், கூட்டம் தோல்வி, ஆனால் அந்தத் தோட்டத்தை விடக் கூடாது என்றேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் விதி விதிதானே, அதை அடித்துப் பேசி எழுத வைத்ததும் நான்தானே. நீதானே வெட்டவெளியில் நடக்க வேண்டும் என்றாய் என்று அவர் கேட்டார். பேர் சொல்லாமல், யார் வீடு என்று சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். கொடுக்கிறதை வெட்டவெளியில் வையுங்கள் சேர், எவ்வளவு பணம், எத்தனை குடும்பம், எப்படித் தெரிவு செய்கிறோம் என்பதை மைக் போட்டுச் சொல்லுவோம், வாங்குகிறவரை மட்டும் மைக்கில் கூப்பிட வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு விதியைத் திருத்துவோம் என்றார்.

அதன்படி திரும்பப் போனோம். பிள்ளைக் காம்பராவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டோம். பணம் பசறையில் இருக்கிற வங்கியில் அவரவர் கணக்குக்குப் போகும். வழக்கமாக நாங்கள் பதாகை கட்டி, வாங்குகிறவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்போம். அதுவும் இல்லை. முதல் பேராக ஏறக்குறைய எல்லா வாயிலிருந்தும் வந்தது ஒரே பேர்தான். ஆனால் அந்த அக்கா சம்மதிக்க வேண்டுமே. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் வீட்டுக்குப் போய், பேர் கூப்பிட மாட்டோம், படம் எடுக்க மாட்டோம், நீங்களே பசறைக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். நீண்ட நேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"கீழ் டிவிசனுக்குத் தெரியாதுங்களே மிஸ்?"

மனதில் உள்ளது முகத்தில் தெரிகிற எனக்கு அன்றைக்கு யார் துணை செய்தார்களோ தெரியாது. "தெரியாதுங்க," என்றேன். அவர் என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முன்னால் முதல் பணம் வந்தது. ஆயா அவ்வப்போது எனக்குப் போன் போட்டுச் சொல்வார். அரிசி மூட்டையாக வாங்கினாராம், பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டினாராம், இப்போது மூன்று வேளையும் அடுப்புப் புகைகிறதாம். தையில் பரிசம் நன்றாக நடந்தது. வைகாசியில் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். எனக்கும் நாநாவுக்கும் பத்திரிகை வந்தது.

அந்த அக்கா வாசலில் நின்று எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டிருந்தார். கோணல் காலோடு அங்குமிங்கும் நடந்தார். யாருக்கும் பயப்படாத நடை. மாப்பிள்ளையின் அம்மா மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச் சேலை கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் அருகில் வந்து, முந்தானையை விரித்துக் காட்டினார்.

"நல்லா இருக்கா மிஸ்? என் சம்பந்தி எடுத்துக் குடுத்தது. அவங்க கைக் காசுல."

கைக் காசு என்பதைக் கொஞ்சம் அழுத்தி, பக்கத்தில் நின்ற தன் உறவுக்காரப் பெண்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். என் கண்ணை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். அந்தப் பக்கம் தட்டை எடுத்துக்கொண்டு வந்த அக்கா அதைக் கேட்டுவிட்டு, வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு, "பெருசா ஒண்ணும் இல்ல மிஸ், ஏதோ என்னால முடிஞ்சது," என்றார். ரொம்ப நல்லா இருக்குங்க என்று ரெண்டு பேரிடமும் சொன்னேன்.

நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்புகிற அறிக்கையில், மக்கள் பணத்தை எதற்கெல்லாம் செலவு செய்தார்கள் என்று எழுத வேண்டியிருந்தது. அரிசி, மருந்து, பாடசாலைச் சாமான் என்று எழுதிவிட்டு, கடைசியில் உடுப்பு என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். அந்த உடுப்பின் விலை என்ன, அது யாருக்கு, ஏன் என்று சேர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இல்லாதவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எனக்குத் தெரிந்த தொழில்தான். ஆனால் கண்டுபிடித்த பிறகு அவரைக் காட்டிக் கொடுக்காமல் இருக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அந்தத் தோட்டத்துப் பெண்கள். அந்த ரெண்டு சம்பந்திகளும் இன்றைக்கும் தனக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டே சந்தோஷமாக இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு எழுதியும் இதில் நான் ஒரு பேரைக்கூடச் சொல்லவில்லை.